மைல் ஏறாத ஷெவெல்

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆசைப்பட்டு ஒரு பொருளை வாங்கினேன் என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். வீடு வாங்கினால் பிள்ளைகளுக்காக. நகை வாங்கினால் விலை ஏறும் என்பதற்காக. சுவர் நிறைய ரீவி வாங்கினால், கடைக்காரன் மலிவாகப் போட்டிருந்தான் என்பதற்காக. நவரட்ணமும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ரொறன்ரோவில் மோர்னிங்சைட் பக்கம் இருந்த தன் வீட்டுக் கராஜுக்குள் 1970ஆம் ஆண்டு ஷெவெல் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, மனைவி ரதி இடுப்பில் கைவைத்தபடி, "உது என்னத்துக்கு?" என்று கேட்டாள். அவர் வாயில் முதலில் வந்த சொல் இன்வெஸ்ட்மென்ற்.

அது பொய். ரொறன்ரோவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, சிவப்பு விளக்கில் அதே மாதிரிக் கார் ஒன்று அவர் பக்கத்தில் வந்து நின்றது. கடும் நீலம், நடுவில் இரண்டு வெள்ளைக் கோடுகள். அது ஓடவில்லை, சும்மாதான் நின்றது. ஆனால் அதன் எஞ்சின் உறுமல் அவருடைய நெஞ்செலும்பு வரைக்கும் வந்து தட்டியது. குளிரில் விறைத்துப்போயிருந்த மனிதருக்கு அந்தச் சத்தம் உடம்புக்குள் தணல் வைத்தது போல இருந்தது. விளக்கு பச்சையானதும் கார் போய்விட்டது. ஆசை மட்டும் அவரோடு நின்றுவிட்டது.

பிறகு அவர் நகர பஸ் சாரதியானார். மகள் அட்சயாவைப் படிக்கவைத்தார், வீட்டுக் கடனை முடித்தார், அதற்குப் பிறகுதான் இந்தக் காரைத் தேடி வாங்கினார். கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயர் சந்தனம் வைக்க, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, சந்தோசமாக வீட்டுக்கு ஓட்டிவந்தார். உருப்படியாக அவர் அதை ஓட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

ஏனென்றால் ரதி அவரை நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்கவில்லை, காவலுக்கும் நின்றாள். இப்படிப்பட்ட பழைய கார்களுக்கு ஓடிய தூரம் குறையக் குறைய விலை கூடும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கோடையில் அவர் சாவியைக் கையில் எடுத்தால் போதும், குசினிக்குள் இருந்து குரல் வரும். "இஞ்சரப்பா, மைல் ஏறினா விலை இறங்கும். கழுவிப்போட்டு உள்ளுக்கு விடுங்கோ." அவள் தங்கை அருள்மலர் வந்து, "அத்தான் பழைய இரும்பு வாங்கி அடுக்கிறாராம்" என்று நக்கலடித்தபோது, ரதி அவளைச் சும்மா விடவில்லை. "உனக்கென்னடி தெரியும், அவர் யோசிச்சுத்தான் செய்வார்" என்று சண்டைக்கே போய்விட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நவரட்ணத்துக்கு வெட்கமாக இருந்தது. தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போட்ட மனிதர் வேறு என்ன செய்வார்? நாள் முழுக்க ஊரை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, சில பின்னேரங்களில் கராஜுக்குள் போய், ஓடாத காரின் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ரதி கூப்பிட்டால், பற்றரி பார்க்கிறேன் என்பார்.

ஓட்டாமல் வைத்த கார் சும்மாவும் இருக்கவில்லை. ரயர்கள் இறுகின, ரப்பர் குழாய்கள் வெடித்தன, அவற்றை மாற்றவேண்டி வந்தது. ஆனாலும் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போனது. அவர் ஓய்வுபெறப் போகும் வருடத்தில் ரதி ஒரு முடிவுக்கு வந்தாள். "விலை நல்லா ஏறிக் கிடக்கு. இப்ப வித்தாத்தானே அது இன்வெஸ்ட்மென்ற்?" யூனியன்வில்லில் பழைய கார்கள் சேர்க்கும் றொபேட் என்ற ஓய்வுபெற்ற பல் டொக்ரரை, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் விசாரித்து, அவளே பிடித்துவந்தாள். சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை நவரட்ணம் சரியாகச் சாப்பிடவில்லை. ரதி அதைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அருள்மலரின் மகனுக்குக் கல்யாணம், அதற்குப் போட கவரிங் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அசல் ஆரம் ஒன்று இருந்தது. முதியோர் இல்லத்தில் ஓவர்ரைம் செய்து சேர்த்து வாங்கியது. தெருவில் இரண்டு மூன்று வீடுகளைக் கள்ளர் உடைத்து நகை எடுத்த பிறகு, அதை மார்க்கம் நகரில் உள்ள பாங்க் லொக்கரில் கொண்டுபோய் வைத்தவள்தான், பிறகு வெளியே எடுக்கவில்லை. அட்சயாவுக்கென்று வாங்கியது, தங்கம் எப்படியும் விலை ஏறும் என்று எல்லோரிடமும் சொல்வாள். அட்சயாவோ, "அம்மா, இட்ஸ் டூ ஹெவி, எனக்கு வேணாம்" என்று முன்னமே மறுத்துவிட்டாள்.

றொபேட் நல்ல மனிதர். ரதி வைத்த மீன் றோல்ஸை ரசித்துச் சாப்பிட்டார். பிறகு ரோச் லைற்றோடு காரின் அடியில் குனிந்து, கதவோரங்களைத் தடவி, மைல் கணக்கைப் பார்த்து, நம்பமுடியாமல் தலையை ஆட்டினார். ரோட்டில் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும், ஆனால் தனக்கு முழங்கால் சரியில்லை, கிளச் மிதிக்க ஏலாது, நீங்களே ஓட்டுங்கள் என்றார். ரதி, "நானும் வாறன்" என்று பின்சீற்றில் ஏறினாள். விலை பேசும்போது பக்கத்தில் இருக்கவேண்டுமாம்.

நவரட்ணம் சாவியைத் திருப்பினார். கராஜ் சுவரில் தொங்கிய மண்வெட்டிகள் அதிர்ந்தன.

மோர்னிங்சைட் அவெனியூ பள்ளத்தாக்கில் இறங்குகிற இடம் அவருக்குப் பஸ்ஸில் மனப்பாடமான இடம். எங்கே பிரேக் வைப்பது, எங்கே குழி என்று எல்லாம் கால் அறியும். ஆனால் அந்த இறக்கத்தை அவர் ஒருநாளும் இப்படி இறங்கியதில்லை. இருபுறமும் மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. மேட்டில் ஏறும்போது கியரை மாற்றி மிதித்தார், கார் முதுகில் பிடித்துத் தள்ளியது. பஸ் தரிப்பில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இதுதான் கடைசி என்ற நினைப்பு ஒருபக்கம் அறுத்தது, இருந்தும் அவருக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. கண்ணாடியில் பார்த்தார். முன்சீற்றை இறுகப் பிடித்திருந்த ரதி, ரோட்டைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து இறங்கியதும் றொபேட், ரதி எதிர்பார்த்ததற்கு மேலேயே விலை சொன்னார். ரெயிலரில் ஏற்றிக் கொண்டுபோய், வெப்பம் ஈரம் எல்லாம் அளந்து வைத்திருக்கும் தன் களஞ்சியத்தில், மற்றக் கார்களோடு மூடிவைக்கப்போவதாக விளக்கினார்.

"ஓட்ட மாட்டீர்களா?" என்று ரதி தன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

றொபேட் சிரித்தார். "ஓட்டினால் அது கார், அம்மணி. ஓட்டாவிட்டால்தான் முதலீடு."

நவரட்ணம் இத்தனை வருடமும் வீட்டில் சொன்ன கதை இப்போது இன்னொருவர் வாயால் வந்தது. அந்த மனிதர் உண்மையாகச் சொல்கிறார், தான் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இருந்தாலும் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? "சரி" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரதி முந்திக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்றாள். பேரம் பேசுகிறாள் என்று நினைத்த றொபேட் விலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அவள் அதற்கும் அதே பதிலைச் சொல்லி, மிச்ச றோல்ஸைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

"ஏன் ரதி? நல்ல விலையெல்லோ?"

"உண்மையச் சொல்லுங்கோ. உதை ஏன் வாங்கினனீங்கள்?"

நவரட்ணம் காரின் எஞ்சின் மூடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "விருப்பத்தில."

"பிறகேன் இன்வெஸ்ட்மென்ற் எண்டு சொன்னனீங்கள்?"

"விருப்பம் எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பீரோ?"

"மாட்டன்," என்றாள். "கத்திக் குழறியிருப்பன்." குரல் ஒருமாதிரி இறங்கியது. "ஓடேக்க நீங்கள் பாடிக்கொண்டிருந்தனீங்கள், தெரியுமே? நீங்கள் பாடுவியள் எண்டதே எனக்கு மறந்துபோச்சு."

தான் பாடியது அவருக்குத் தெரியாது.

அவள் விடுவிடென்று வீட்டுக்குள் போனாள். கோபம் வந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் காற்சட்டைக்கு மேல் நல்ல கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு திரும்பி வந்தவள், இந்தமுறை முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எங்க?"

"மார்க்கத்துக்கு. மத்தியானத்தோட பாங்க் பூட்டிப்போடுவாங்கள். ஆரத்தை எடுக்கவேணும்."

"மைல் ஏறுமே!"

"ஏறட்டும்."

அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. "அது அட்சயாவுக்கெண்டு வைச்சதெல்லோ ரதி?"

ரதி கைப்பைக்குள் லொக்கர் சாவியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

"அது அட்சயாவுக்கு வாங்கினதில்லையப்பா," என்றாள்.