தட்டு ஏந்தியவனின் கல்யாணம்

காத்தமுத்துவைப் பெரிய கதைசொல்லி என்று சொல்ல முடியாது. இல்லாததைச் சேர்க்கத் தெரியாதவன். போருக்கு முன் மலாயாவின் சிரம்பான் நகரில் பார்த்த அமெரிக்கக் காதல் படங்களை, ஜப்பான்காரன் காலத்தில், பகாவ் தோட்டத்தில் மரவள்ளி நடும்போது பவளாயிக்குச் சொல்வான். தை பிறந்ததும் இருவருக்கும் கல்யாணம் என்று பேச்சு.

"நம்மள மாதிரி கறுத்த ஆளே கெடையாதா அதுல?" என்றாள் பவளாயி.

"வேலைக்காரன் ஒருத்தன் தட்டு ஏந்திக்கிட்டு வருவான். எல்லாரும் சிரிப்பாங்க."

"அவனுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"காட்டல."

"நீயாச்சும் பண்ணி வையேன்யா!"

"படத்துல இல்லாதத எப்படிப் புள்ள சொல்றது?"

மார்கழியில் ஜப்பான்காரர்கள் அவனைச் சயாம் காட்டில் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். போர் முடிந்து படங்கள் திரும்பி வந்தன, அவன் வரவில்லை. பவளாயி ஒருமுறை சிரம்பானுக்குப் போய்ப் படம் பார்த்தாள். தட்டு ஏந்தியவன் வந்தான், கொட்டகை சிரித்தது, போய்விட்டான். மறுபடி வருவான் என்று கடைசிவரை பார்த்திருந்தாள். கதாநாயகனுக்குக் கல்யாணம் முடிந்து விளக்குப் போட்டார்கள்.