உன்ட ஆக்கள்

கத்தாரில் என் அறையில் பழைய உடுப்புப் பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணத்தது. சுனாமியில் கடல் வந்துபோன பிறகு, இலங்கையின் மருதமுனையில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமில் குவித்திருந்த நிவாரண உடுப்புகளிலும் இதே மணம்தான்.

உம்மாவும் தங்கச்சியும் கடலோடு போய் மௌத்தாகிவிட்டார்கள். மிச்சம் வாப்பாவும் நானும். எனக்கு முழங்கால்வரை தொங்கும் சிவப்புச் சட்டையொன்று கிடைத்தது. இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகமொன்றின் சட்டை என்று ஒரு தொண்டர் பெயரும் சொன்னார்.

வாப்பா நாட்கணக்காக யாரோடும் கதைக்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் பேப்பர் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"உன்ட ஆக்கள் வெண்டுட்டாங்க, மகன்."

"ஆரு வாப்பா?"

சட்டையைத் தொட்டுக் காட்டினார். "இவங்கதான். மூணு கோல்."

பந்து விளையாட்டே தெரியாத மனிதர். அதன்பிறகு வாராவாரம் தேடிப் படித்து வந்து சொன்னார். வேறு எதைக் கதைத்தாலும் உம்மாவில் போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

ஏன் அந்த அணி என்று இங்கே கேட்பவர்களிடம், சட்டை கிடைத்தது என்பேன். கத்தாருக்கு வந்த பிறகும் வாப்பா போனில் முடிவைச் சொல்வார். ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருந்தாலும் தெரியாதவன்போலக் கேட்பேன்.

போன மாதம் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். நேற்றைய ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. யார் வென்றார்கள் என்று இன்னும் தெரியாது.