யோகேஸ்வரியும் இரண்டு லெட்சுமிகளும்

யோகேஸ்வரி காலமான செய்தி காலை பத்து மணிக்கு மலேசியாவின் ஈப்போவில் உள்ள எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மாரடைப்பு, நாற்பத்து மூன்று வயது. கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நடுவில் ஒருவர், "அந்தத் தெலுக் இந்தான் விஷயத்தத் தவிர, அக்கா வேலையில குறையே சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தப் பழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு சுடுகாடுவரை போகக் கூடாது என்பதற்காகவே, அவரோடு வேலை செய்த உங்களுக்கும் அவரை அறியாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மருத்துவ நிலையங்களுக்குச் செயலி செய்து கொடுப்பது எங்கள் தொழில். வடிவமைப்பாளர்கள் நான்கு பேர். ஆளுக்கொரு விதமாகப் பட்டன் வரைவோம். ஒரே 'சேமி' பட்டன் நான்கு நீலத்தில் இருக்கும். நிரல் எழுதும் யோகேஸ்வரி, எங்களுக்கு யோகேஸ், அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் தானே ஒரு டூல் எழுதிக்கொண்டு வந்தார். நாங்கள் வரைந்த திரைகளை அது படித்து, திரும்பத் திரும்ப வரும் பட்டன், பெட்டி, பெயர் அட்டை எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு காம்பொனென்டாக ஆக்கித் தரும். பிறகு அதை எந்தத் திரையிலும் எடுத்து வைக்கலாம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். மூன்று வாரம் இழுக்கும் வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அவரைவிட ஒன்பது வயது மூத்தவன் நான். பிழைப்பில் மண் விழுந்தது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"டூலுக்குக் கண்ணு இருக்கு அண்ணே, மனுசனத் தெரியாது. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்றார் யோகேஸ். டூல் எடுத்துத் தரும் ஒவ்வொன்றையும் ஒரு வடிவமைப்பாளர் பார்த்து டிக் போட்டால்தான் அது சேமிப்பில் சேரும் என்று விதியும் வைத்தார்.

தெலுக் இந்தானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கான திரைகளை நான்தான் வரைந்தேன். நோயாளியின் பெயர் அட்டையில் மாதிரிக்கு 'அலி', 'லிம்' என்று போட்டேன். சின்னப் பெயர்கள், படம் லட்சணமாக இருக்கும். அப்பா பெயரையும் சேர்த்து முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருக்கும் தமிழன் நான். என் பெயரே அந்த அட்டையில் அடங்காது! டூல் என் படத்தை அளந்து, அதே அகலத்தில் காம்பொனென்ட் செய்தது. நான் டிக் போட்டுவிட்டுத் தே தாரே குடிக்கப் போனேன்.

அந்த நிலையத்துக்கு இரண்டு லெட்சுமிகள் வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் ரப்பர் மரம் வெட்டிய பழைய கித்தாத் தோட்டத்துக் குடும்பத்தினர். அப்பா பெயரை வைத்துத்தான் யார் எவர் என்று தெரியும். அட்டையோ அதை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்தது. ஒரு லெட்சுமி, சித்தியவானில் கல்யாணம் என்று தன் மதிய முறையை ரத்துச் செய்யச் சொன்னார். அவசரத்தில் தாதி மற்றவருடைய காலை முறையை ரத்துச் செய்துவிட்டார். எல்லாத் திரையிலும் ஒரே காம்பொனென்ட் என்பதால், எதைத் திறந்து பார்த்தாலும் அதே வெட்டுப்பட்ட பெயர். வீங்கிய காலோடு வந்த அந்த அம்மாவை, அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலமே மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர், "யார் வேல இது?" என்று கேட்டார். நான் குனிந்து குறிப்பேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். மகன் தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த நேரம். வேலை போய்விடுமோ என்ற பயம். யோகேஸ் எழுந்தார். "டூல் நான் எழுதினது. சின்னப் பேரு மட்டும் குடுத்தா எச்சரிக்கணும்னு அதுக்கு நான் சொல்லிக் கொடுக்கல. தப்பு என்னோடது, சாலா என்னோடதுதான்" என்றார்.

வெளியே வந்ததும், "டிக் போட்டது நான் யோகேஸ்" என்றேன்.

"தெரியும்லா. டூல்ல டிக் பக்கத்துல உங்க பேரு இருக்கு." அவ்வளவுதான். பிறகு, "நாளைக்கு அந்த அம்மாவப் பாக்கப் போறேன், வாரீங்களா?" என்றார்.

லெட்சுமி அம்மா மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். யோகேஸ் கைப்பேசியில் அந்த அட்டையைக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அம்மா அதையே உற்றுப் பார்த்தார். "எங்கப்பா பேர ஏம்மா வெட்டுனீங்க? தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு நின்னப்பகூட கணக்கெழுதுற கிராணி முழுப் பேரச் சொல்லித்தானே கூப்புட்டாரு?"

யோகேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க பேர டூல்ல வச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து, அந்த முழுப் பெயரை வெட்டாமல் காட்டும் காம்பொனென்டை மட்டுமே டூல் ஏற்றுக்கொள்கிறது. என்னையும் மாற்றிய விதி அது. இப்போதெல்லாம் யாருடைய பெயர், யார் படிக்கப்போகிறார் என்று கேட்காமல் நான் டிக் போடுவதில்லை.

அடுத்த வருடம் குழுத் தலைவர் பதவி காலியானது. யோகேஸுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். தெலுக் இந்தான் விஷயத்தைக் காட்டி அவரை ஒதுக்கிவிட்டார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. புதிய தலைவரிடம் முதலில் வந்து, "எப்ப பெலாஞ்சா விருந்து? பிரியாணிக்குக் கொறஞ்சு எதுவும் வேணாம்" என்று சிரித்தவர் யோகேஸ்தான். அந்தச் சிரிப்பில் துளிக் கசப்பு இல்லை. எவ்வளவு பெரிய மனுஷி!

சாவு வீட்டில் அவருடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்ல தங்கச்சி சாமான் ஏதாச்சும் இருந்தா, ஞாபகமா நீங்களே வச்சுக்குங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். யோகேஸுக்குச் சேர வேண்டிய பதவியை ஆறு வருடமாக நான்தான் வைத்திருக்கிறேன்.