டின் பட்டையில் பின்னிய வாய்க்கூடை

என் அப்பாவுக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. அறுந்த செருப்பு வாரைக்கூட எடுத்து வைப்பார். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டின் ஒரு மூலை முழுக்க அந்தக் குப்பைதான். அம்மா வாய் ஓயாமல் திட்டுவார், நானும் சேர்ந்துகொள்வேன். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரியப்பா மகனுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். அண்ணன் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று பாட்டில் கலருக்குப் பதிலாக டின்னில் அடைத்த குளிர்பானங்களை இறக்கியிருந்தார். ஆறு டின்களைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது, ஆறு ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை. இழுத்தால் நீளும், அறாது. டின்களை உருவிக்கொண்டு பட்டைகளை மண்டபத்துக்குப் பின்னால் வீசியிருந்தார்கள். அப்பா பட்டு வேட்டியோடு போய் அவற்றைப் பொறுக்கினார். மானம் போகிறதே என்று அம்மா பல்லைக் கடித்தார்.

அப்போது எங்கள் கட்டுத்தறியில் ஒரு கிடேரிக்கன்று இருந்தது. அம்மா கல்யாணச் சீராக ஓட்டி வந்த மாட்டின் வழியில் வந்த மாடு, வரிசையாகக் காளையாகவே ஈன்று, வயதான காலத்தில் போட்ட கிடேரி. அந்த வழி நிற்பதும் அறுந்துபோவதும் இதன் கையில்தான் என்று அம்மா அதைத் தரையில் விடாத குறையாகப் பார்த்துக்கொண்டார்.

கன்று மண் தின்னத் தொடங்கியது. அப்படித் தின்னும் கன்றுக்கு நார்க்கயிற்றில் சின்னக் கூடை பின்னி வாயில் மாட்டுவது வழக்கம். வாய்க்கூடை என்போம். எச்சில் பட்டு அது சீக்கிரம் இற்றுவிடும். அப்பா இரண்டு பட்டைகளை மடக்கி, நூல் போட்டுக் கட்டி, வாயில் மாட்டினார். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவரே பின்னிக் கொடுத்தார். அம்மாகூட, "இதொண்ணு உருப்படியாச் செஞ்சுபோட்டீங்க" என்றார்.

ஒரு நாள் காலையில் கன்றின் வாயில் கூடை இல்லை. உரசிக் கழற்றியிருக்கும், நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று அப்பா இன்னொன்றை மாட்டினார். அதன் பிறகு கூடையைக் கழற்றிப் பால் குடிக்க விட்டாலும் கன்று மடியில் வாய் வைக்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. அம்மா ஓமமும் பெருங்காயமும் கரைத்துப் புகட்டிப் பார்த்தார். மாட்டு டாக்டர் வருவதற்குள் அது கால் நீட்டிவிட்டது.

டாக்டர் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். உள்ளே அந்தப் பட்டை சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தது. துளிகூட நைந்திருக்கவில்லை. "இது வயித்துலயுஞ் செரிக்காதுங்க, மண்ணுலயும் மக்காதுங்க" என்றார். அம்மா அழவில்லை. தாய்மாடு கத்திய கத்தலில் எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு அப்பாவின் மேல் அப்படியொரு ஆத்திரம். செத்தாலும் இவரோடு பேசக்கூடாது என்றிருந்தேன்.

அப்பா சைக்கிளை எடுத்தார். அவரைத் தனியாக விடாதே என்று அம்மா என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார். தோட்டம் தோட்டமாகப் போய், நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லி, மாட்டிய கையாலேயே கழற்றினார். ஒரு வீட்டில், எங்கள் கன்று நன்றாகத்தானே இருக்கிறது, கழற்ற விடமாட்டோம் என்றார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கடைசியாக வாய்க்கால் மேட்டு அக்கா வீடு. புருஷன் இல்லாதவர், ஒற்றை மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தார். அவருடைய கன்று வெறும் வாயோடு தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. கூடை எங்கே என்று அப்பா கேட்டார்.

"அதுங்களா மாமா? நேத்தே காணமுங்க. எங்கியோ உருவிப்போட்டிருக்கும். இன்னொண்ணு பின்னிக் குடுக்கறீங்களா?"

அப்பா கன்றின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவினார். "டாக்டரக் கூட்டியாறேன் அம்மணி" என்றார்.

"நல்லாத்தானுங்க பால் குடிக்குது. எதுக்குங்க டாக்டரு?" என்று அந்த அக்கா சிரித்தார்.

அப்பா கன்றின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்கள் கன்று எதைத் தின்று செத்தது என்று நான்தான் சொன்னேன்.