சாசரில் மிச்சம் வைத்த கோப்பி

எனக்கு வாய்த்த ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர், கப்பல் ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. இன்னொன்று எங்கள் கடுவன் பூனை. பிள்ளையில்லாத வீட்டில் இரண்டையும் நான்தான் கெடுத்தேன்.

காலையும் மாலையும் அவருக்குக் கோப்பி வேண்டும். இனிப்புக் கட்டிப்பால் டின்னைக் கவிழ்த்துப் பிடித்தால் மூன்று முறை அருள் நிறை மரியே செபம் சொல்லி முடிக்கும்வரை ஊற்ற வேண்டும். அதைச் சாசரில் ஆற்றி உறிஞ்சுவார், எதிர்வீட்டுக்குக் கேட்கும். கடைசி இரண்டு வாயைச் சாசரிலேயே விட்டுத் தரையில் வைப்பார், பூனை நக்கும். பினாங்குக்குக் குடிவந்த நாள் முதல் பதிமூன்று வருஷம் இப்படி. இதற்கு அவர் வைத்த பெயர் ஜீவகாருண்யம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருந்தோம். மேசைமேல் தாவப்போன பூனை பாதியில் விழுந்தது. எழுந்தபோது பின்னங்கால் இரண்டும் நிற்கவில்லை. குதிகாலைத் தரையில் பதித்து, தத்தித் தத்தி நடந்தது.

"வயசாச்சு, வேறென்ன?" என்றார் அவர். "கண்ட எடத்துல பேஞ்சு வச்சு பின்கட்டு முழுக்க எறும்பு. சனிக்கிழமை சாக்குல கட்டி பட்டர்வொர்த்துல விட்டுடறேன். கடல் தாண்டினா திரும்பாது லா."

வேண்டாத பூனையை அக்கரையில் விடுவது எங்கள் தெரு வழக்கம். அதைப் பாவம் என்று ஒருவரும் சொன்னதில்லை, படகுக்கூலி கொடுத்து அனுப்புகிறோமே!

"நடக்க முடியாதத அங்க விட்டா நாய் குதறிடுமே!" என்று கத்தினேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டில், டாக்டருக்கு உதவியாக இருக்கும் ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர் இருந்தார். திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டேன். பூனையின் காலை அழுத்திப் பார்த்தார்.

"ஒடியல, வெதுவெதுப்பாத்தான் இருக்கு, ரத்தம் ஓடுது. தண்ணி நெறய குடிக்குதா அக்கா?"

"வச்ச சட்டியில தண்ணி நிக்கல தம்பி."

அவர் எழுந்து, பூனை ஒதுங்கும் சாம்பல் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "எறும்பு மொய்க்குது பாருங்க. மூத்திரத்துல சக்கர போவுது. மனுசனுக்கு வர்ற நீரிழிவுதான். பால் டின்ன நிறுத்துங்க, மீன் மட்டும் குடுங்க. கால் ஊனினாலும் ஊனும்."

சாயங்காலம் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பூனைக்கு நீரிழிவா! அது பெரிய மனுசனுக்கு வர்ற வியாதி லா!" பிறகு ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தெருக்கோடிச் சீனன் தைத்த தோல் சப்பாத்தினால் உள்ளங்கால் எரிகிறது என்று நாலு மாதமாக வைதுகொண்டிருந்தவர், அன்றும் வைதார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

சனிக்கிழமை சாக்கோடு வந்து நின்றார். நான் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனேன். எறும்பு இரண்டு வரிசையாகப் போனது. ஒன்று சாம்பல் பெட்டிக்கு. இன்னொன்று குளியலறைக் கதவுக்கு அடியில் நுழைந்து உள்மூலைக்கு.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"பூனைக்குத்தான்."

"கதவுக்கு எப்பவும் தாழ். உங்க பூனை தாழ் தெறக்குமோ? அந்த மூலையில நின்னுகிட்டுப் பெய்யறது இந்த வீட்ல ஒரே ஆளுதான்."

ஊரார் குறையெல்லாம் அத்துப்படி, தன் முதுகு தனக்குத் தெரியாது. பெரிய கிராணி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். சாக்கு கீழே விழுந்தது.

அன்றோடு வீட்டில் பால் டின் இல்லை. பூனை ஒரு வாரம் சாசரைத் தேடிக் கத்தியது, பிறகு அவித்த மீனைத் தின்னக் கற்றுக்கொண்டது. மூன்று மாதத்தில் குதிகால் தரையைவிட்டு மேலே எழும்பியது.

அவர் சீனியில்லாத வரக்கோப்பியை என் எதிரில் முகம் சுளித்துக் குடித்தார். ஆபீசுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் பழைய சாசர் தொடர்ந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? குளியலறை வரிசை குறையவே இல்லை. மன்றாடினேன், சண்டை போட்டேன், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். "ஒரு வாய்தான் லா" என்றார்.

மறுவருஷம், மரத்துப்போன காலில் சப்பாத்து ஆணி குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. புண் அழுகி, ஆஸ்பத்திரியில் இடது காலில் இரண்டு விரலை எடுத்து அனுப்பினார்கள்.

வீடு வந்த அன்று சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தார். பூனை மேசைமேல் ஒரே தாவாகத் தாவி உட்கார்ந்து மீசையைத் துடைத்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னய அக்கரையில விட்டுடாத" என்றார். சிரிப்புக்காகச் சொன்னார், ஆனால் கட்டுப்போட்ட காலைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"உங்க அளவுக்குச் சாக்கு கெடைக்கல" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் நின்று அழுதேன்.