நின்ற கிரேனுக்கு அட்வான்ஸ் டாக்ஸ்

வருமான வரிக் கணக்கு எழுதுறவளுக்கு ஜோசியமும் தெரிஞ்சிருக்கணும். வருஷம் முடியறதுக்குள்ளேயே இந்த வருஷம் என்ன வரும்னு கணிச்சு, நாலு தவணையா வரி கட்ட வைக்கணும். கட்டித் தொலைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் தவணை

கொருக்குப்பேட்டை குமரேசன் அண்ணாவுக்குச் சொந்தமா ஒரே ஒரு கிரேன். போன வருஷம் காட்டுப்பள்ளி துறைமுகத்துல ஒரு பெரிய வேலை கிடைச்சு, அதுவரைக்கும் பார்க்காத பணத்தைப் பார்த்தார். அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாம விட்டதுக்கு வட்டி வேற தண்டம் அழுதார். அந்த பயத்துல இந்த ஜூன்ல முதல் ஆளா வந்து நின்னார். போன வருஷ வருமானத்தையே போட்டு வரியைக் கணக்குப் பண்ணணுமாம்.

அந்த வேலை முடிஞ்சுபோச்சு, இந்த வருஷம் வரப்போறதுக்குத்தான் வரி, கூடுதலாக் கட்டினா கைக்குத் திரும்பி வர அடுத்த வருஷம் ஆயிடும்னு தலைகீழா நின்னு சொன்னேன். கேட்டாத்தானே?

"கொறைச்சு எழுதுனா, வண்டி ஓடாதுன்னு நானே சொல்லிக்கினா மாதிரி ஆவாது? போன வருசம் இன்னாவோ அதையே போடும்மா."

செப்டம்பர் தவணை

அவர் கிரேன் மணலி ரோட்டோரம் சும்மா நிக்குது. தினம் பஸ்ல அதைத் தாண்டித்தான் வர்றேன். ஆனாலும் மனுஷன் போன வருஷக் கணக்குப்படியே கட்ட வந்துட்டார். எனக்குக் கோபம் வந்துடுச்சு. கிரேன் வாங்கின கடனைக் கட்டுறீங்களான்னு கேட்டேன். மூணு மாசமா கட்டலையாம். பைனான்ஸ்காரங்க வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்னு மிரட்டுறாங்களாம். அதை விட்டுட்டு இதை ஏன்ணா கட்டுறீங்கன்னேன்.

"அவன் எவ்ளோ பாக்கின்னு கேட்டுகினே கீறான். நீ ஒருத்திதான் எவ்ளோ வரும்னு கேக்குற."

சலானைப் போட்டுக் கொடுத்துட்டேன்.

டிசம்பர் தவணை

இந்தத் தடவை அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் கூட வந்தாங்க. வரி கட்டன்னு புரட்டின பணம் அண்ணா சட்டைப் பையில இருந்தது. அதைக் கடனுக்குக் கட்டலைன்னா திங்கட்கிழமை வண்டி போயிடும்னு அக்கா சொன்னாங்க.

நான் கம்ப்யூட்டரை விட்டுட்டு அண்ணா முகத்தைப் பார்த்தேன். "இந்த வருஷம் நிஜமா எவ்ளோ வரும்ணா?"

அவர் ஃபேனைப் பார்த்தார். அப்புறம் மெதுவா ஒரு தொகையைச் சொன்னார், சின்னத் தொகை. கணக்குப் போட்டேன். இதுவரைக்கும் கட்டின வரியே அதுக்கு அதிகம், இனிமே ஒரு பைசா கட்ட வேண்டாம்னு சொன்னேன். அவரே பணத்தை எடுத்து அக்கா கையில கொடுத்தார். அக்கா அதை எண்ணக்கூட இல்லை.

"இப்பத்தாம்மா எங்க வூட்ல போன வருசம் முடிஞ்சிது"ன்னாங்க.

கிரேன் தப்பிச்சுது, ஆனா அவர் எனக்குத் தரவேண்டிய ஃபீஸை எந்த வருஷ வருமானத்துல காட்டுறதுன்னுதான் இன்னும் எனக்குப் பிடிபடலை.