நீலத்துக்குள் ஊறிய மஞ்சள்

வெள்ளைப் பொடியைத் துத்தநாக உப்போடு சேர்த்துச் சூடாக்கினால், சில மணி நேரத்தில் குடுவை முழுக்கக் கருநீலம். தாலோசயனின் என்று பெயர். அந்தப் பொடியின் நான்கு சின்ன மூலக்கூறுகள் ஒரு துத்தநாக அணுவைச் சுற்றிக் கைகோத்து உட்கார்ந்துவிடுகின்றன. திருச்சியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மூன்று வருடங்களில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைமை இந்த நீலம் தடுக்குமா என்பதுதான் என் ஆய்வு. தடுத்தால் சர்க்கரை நோய்க்கு ஒரு வழி பிறக்கலாம். தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். என்சைம் வேலை செய்தால் குழியில் மஞ்சள் நிறம் வரும், தடுக்கப்பட்டால் வராது. என் நீலத்தைச் சேர்த்தேன். மஞ்சள் வரவே இல்லை.

நான் பிறவி அவசரக் குடுக்கை. அன்று மாலையே அத்தாவிடம் சொல்லிவிட்டேன். அத்தாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. மறுநாளே மார்க்கெட் முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டார்: "எம் பொண்ணு சுகருக்கு மருந்து கண்டுபிடிச்சிருச்சு, மாஷா அல்லாஹ்!"

என் வழிகாட்டி ஸ்ரீரங்கத்துக்காரர். எதற்கும் சட்டென்று சந்தோஷப்பட மாட்டார். முடிவுகளைப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு டிடர்ஜென்ட் சேர்த்துப் பாத்தியாம்மா?" என்றார்.

பார்க்கவில்லை. தாலோசயனின் தட்டையானது, தண்ணீரில் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டில் என்சைம் சும்மா மாட்டிக்கொண்டாலும் மஞ்சள் வராது. டிடர்ஜென்ட் கட்டைப் பிரித்துவிடும். அதன் பிறகும் மஞ்சள் வராவிட்டால்தான் அது நிஜமான தடுப்பு.

சேர்த்தேன். 'மஞ்சளே, வந்துடாதே' என்று வாய்விட்டே கெஞ்சினேன். முதல் குழியில் நீலம் லேசாகப் பச்சையானது. நீலத்துக்குள் மஞ்சள் ஊறுகிறது! ஒவ்வொன்றாக எல்லாக் குழிகளும் பச்சை. மூன்று வருடம் வீண் என்று தெரிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணுக்கே தெரியாத அந்த என்சைம், கட்டவிழ்ந்த நொடியில், ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட வேலையைத் தொடர்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

நேரே மண்டிக்குப் போனேன்.

"அத்தா, அது மருந்து இல்ல. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

அத்தா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி. அதுக்கு ஏன் உன் கண்ணு இப்படி மின்னுது?" என்றார்.

பார்த்ததை எல்லாம் சொன்னேன். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மாதிரி ஒண்ணு என் வயித்துலயும் இருக்கா?"

"இருக்கு அத்தா. இப்பவும் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"சுப்ஹானல்லாஹ்" என்று வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு எதிர்க் கடைக்காரரை உரக்கக் கூப்பிட்டார்.

"அண்ணே, மருந்து இல்லையாம். ஆனா இங்க வாங்க, பொண்ணு சொல்றதக் கேளுங்க."